பைபேப் மெஷின் செட்டிங்கும் ரீடிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஸ்லீப் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். தூக்கத்தில் மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைக் கொடுக்கும் இந்த மெஷின் வீட்டுக்குப் போன முதல் வாரத்தில் போன் வராத குடும்பம் அபூர்வம். கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். இது திரையில் தெரிவதைப் புரிந்துகொள்வதற்கு. பிரஷரை மாற்றும் முடிவு உங்கள் டாக்டருடையது.

"சிபேப்புக்கும் பைபேப்புக்கும் என்ன வித்தியாசம்? விலை மட்டும் இவ்ளோ ஏறுதே?"

சிபேப் ஒரே அழுத்தத்தில் காற்றைத் தள்ளும். மூச்சை இழுக்கும்போதும் அதே அளவு, விடும்போதும் அதே அளவு. பைபேப்பில் இரண்டு அழுத்தம்: இழுக்கும்போது அதிகம், விடும்போது குறைவு. தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து காற்று வழி அடைபடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு சிபேப்பே போதும். 15 வரை ஏற்றியும் அடைப்பு நிற்காதவர்கள், அந்த அழுத்தத்தை எதிர்த்து மூச்சை வெளியே விட முடியாமல் தவிப்பவர்கள், உடல் பருமனாலோ நுரையீரல் நோயாலோ கரியமில வாயு உடம்பில் தேங்கிப்போகிறவர்கள், இவர்களுக்குத்தான் பைபேப் எழுதுவார்கள்.

டப்பாவில் 'பைலெவல்' என்றோ 'வி-ஆட்டோ' என்றோ இருந்தால் பதற வேண்டாம். பைபேப் என்பது ஒரு கம்பெனி வைத்த வணிகப் பெயர். மற்ற கம்பெனிகள் வேறு பெயரில் விற்கின்றன.

"கோவிட் சமயத்துல ஐ.சி.யூ.ல போட்டாங்களே, அதேதானா? இதுல ஆக்ஸிஜன் வருமா?"

முறை அதுவேதான், ஆனால் வீட்டு மெஷின் வேறு. இது உங்கள் படுக்கையறைக் காற்றையே இழுத்து, வடிகட்டி, அழுத்தம் கூட்டிக் கொடுக்கிறது. தனியாக ஆக்ஸிஜன் எதுவும் இதிலிருந்து வராது. சிலருக்கு ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரையும் சேர்த்து இணைக்கச் சொல்வார்கள். அப்போது வரிசை முக்கியம்: முதலில் பைபேப்பை ஓடவிட்டு, அப்புறம் ஆக்ஸிஜனைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது ஆக்ஸிஜன் முதலில். மாற்றிச் செய்தால் நின்றுபோன மெஷினுக்குள் ஆக்ஸிஜன் தேங்கும், அது தீப்பிடிக்க வழி.

"ஐ.சி.யூ.ல வைக்கறதுன்னா கடைசிக் கட்டமா?" என்று கண் கலங்கிக் கேட்ட அம்மாக்கள் உண்டு. இல்லவே இல்லை. இதைப் போட்டுத் தூங்கி எழுந்து காலையில் வேலைக்குப் போகிறவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர்.

"ஐபேப் 16, ஈபேப் 10னு எழுதியிருக்கு. எது எங்க அப்பா பிரஷர்?"

இரண்டும்தான். ஐபேப் மூச்சை இழுக்கும்போது உள்ள அழுத்தம், ஈபேப் விடும்போது உள்ள அழுத்தம். அளவு சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில். உயரமான டம்ளரில் தண்ணீர் நிரப்பி, ஸ்ட்ராவை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி, அடியில் குமிழி வரும்படி ஊதிப் பாருங்கள். அந்த வலுதான் 10.

இரண்டு எண்ணுக்கும் வேலை வேறு. தொண்டை மூடிக்கொள்ளாமல் பிடித்து வைப்பது ஈபேப். முழு அடைப்பு தொடர்ந்தால் டாக்டர் முதலில் யோசிப்பது அதைத்தான், கூடவே ஐபேப்பையும் ஏற்றுவார். குறட்டையும் அரைகுறை அடைப்பும் மட்டும் மிச்சமிருந்தால் ஐபேப்பை ஏற்றினால் போதும்.

"அப்ப பிரஷர் சப்போர்ட்னு ஒண்ணு தனியா இருக்கே, அது என்ன?"

ஐபேப்பில் ஈபேப்பைக் கழித்தால் வருவது. மேலே சொன்ன அப்பாவுக்கு 16இல் 10 போக 6. ஒவ்வொரு மூச்சுக்கும் மெஷின் எவ்வளவு கை கொடுக்கிறது என்பதை இந்த இடைவெளிதான் காட்டும். 20க்கு 16 என்று இருப்பவரைவிட 16க்கு 8 என்று இருப்பவருக்கு மெஷின் அதிகம் உதவுகிறது, முதலாமவரின் எண்கள் பெரிதாக இருந்தாலும். கரியமில வாயுவை வெளியேற்றுவது இந்த இடைவெளி. தூக்க மூச்சுத் தடைக்கான டைட்ரேஷனில், அதாவது லேபில் தூங்க வைத்துப் பிரஷரைப் படிப்படியாகச் சரிசெய்யும் இரவில், இது வழக்கமாக 4க்கும் 10க்கும் நடுவில் அமையும்.

பக்கத்து வீட்டுக்காரரின் ஐபேப்போடு உங்கள் ஐபேப்பை ஒப்பிட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

"எஸ், எஸ்.டி., ஆட்டோ... எந்த மோடு நல்லது?"

நல்ல மோடு என்று ஒன்று கிடையாது, நோய்க்குப் பொருந்தும் மோடு உண்டு. எஸ் மோடில் நீங்கள் இழுத்தால் மட்டும் மெஷின் தள்ளும். எஸ்.டி.யில் நீங்கள் இழுக்க மறந்தால், குறித்த நேரத்தில் அதுவே ஒரு மூச்சைக் கொடுக்கும். ஆட்டோவில் டாக்டர் வைத்த எல்லைக்குள் பிரஷர் இரவில் ஏறி இறங்கும். ஏ.எஸ்.வி. என்று இன்னொன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

"காலைல எழுந்ததும் திரைல முதல்ல எதைப் பார்க்கணும்?"

எல்லாரும் ஏ.எச்.ஐ.யைத்தான், அதாவது மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபட்டது என்ற எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது லீக், அதாவது ஒழுகும் காற்றின் அளவு. அடுத்து எத்தனை மணி நேரம் போட்டிருந்தீர்கள் என்பது. மூன்றாவதாகத்தான் ஏ.எச்.ஐ.

காரணம் எளிது. மெஷினுக்கு உங்கள் தொண்டை தெரியாது. ட்யூபில் காற்று போய்வரும் ஓட்டத்தை வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். மாஸ்க் ஓரமாகக் காற்று கொட்டிக்கொண்டிருந்தால் ஊகம் தவறும்: நடந்த அடைப்பைக் கவனிக்காமல் விடும், நடக்காததை எழுதும். மூச்சளவு, மூச்சு எண்ணிக்கை எல்லாமே அந்த ஓட்டத்திலிருந்து வரும் கணக்குதான். லீக் அதிகமான இரவில் 'ஏ.எச்.ஐ. 1' என்று வந்தாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதேபோல இரண்டு மணி நேரம் மட்டும் போட்டுவிட்டு வரும் அழகான எண், மிச்ச இரவைப் பற்றி எதுவும் சொல்லாது.

"லீக் எவ்வளவு வரை இருக்கலாம்? அண்ணனுக்கு 8, எனக்கு 38 காட்டுது."

முதலில் கம்பெனியைப் பாருங்கள். மாஸ்கில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். நீங்கள் விட்ட காற்று வெளியேற அவை கட்டாயம் வேண்டும், டேப் ஒட்டி அடைக்கவே கூடாது. ரெஸ்மெட் மெஷின்கள் அந்தத் துளை வழி போகும் காற்றைக் கழித்துவிட்டு, வீணாகப் போவதை மட்டும் காட்டும். அதில் நிமிடத்துக்கு 24 லிட்டர் என்பது தாண்டக் கூடாத கோடு. பிலிப்ஸ் மெஷின்கள் மொத்தத்தையும் சேர்த்துக் காட்டும், ஆகவே 30, 40 என்று வருவது இயல்பாகவே இருக்கலாம். அண்ணனுடையது ஒரு கம்பெனி, உங்களுடையது வேறு என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

லீக் நிஜமாகவே கூடுதல் என்றால் பட்டையை இறுக்குவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. மூக்குத்தண்டில் சிவப்பாகக் கோடு விழும், சில நாளில் புண்ணாகும், லீக்கும் நிற்காது. குஷன் முகத்தில் படிய அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். படுத்துக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு, மாஸ்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி விடுங்கள். குஷன் தானாக உப்பிப் படியும், அதன் பிறகு பட்டையைச் சரிசெய்யுங்கள். உட்கார்ந்தபடி மாட்டிப் பார்த்தால் எல்லா மாஸ்கும் பொருந்துவது போலத்தான் இருக்கும். அப்புறம் எண்ணெய். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்தால் நெற்றியில் வழிந்து சிலிக்கான் வழுக்கும். படுக்கப் போகும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாலே பலருக்கு லீக் பாதியாகிவிடுகிறது.

"ஸ்லீப் ஸ்டடியில ஏ.எச்.ஐ. 62. மெஷின்ல 3. குணமாயிடுச்சா?"

ஏ.எச்.ஐ. என்பது ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்ற கணக்கு. குறைந்தது 10 விநாடி நீடித்தால்தான் அதை ஒன்றாக எண்ணுவார்கள். பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். 62 என்பது மெஷின் இல்லாமல், 3 என்பது மெஷினோடு. மெஷின் வேலை செய்கிறது என்று அர்த்தம், நோய் போய்விட்டது என்றல்ல. கழற்றினால் அன்றிரவே பழைய கணக்கு திரும்பலாம்.

இரண்டும் எடுக்கப்பட்ட விதமும் வேறு. லேபில் மூளை அலை, ஆக்ஸிஜன், நெஞ்சின் அசைவு எல்லாம் பார்க்கிறோம். மெஷின் அவற்றைப் பார்க்காது. நீங்கள் விழித்துப் புரண்டுகொண்டிருந்த நேரத்தையும் தூங்கிய நேரமாகவே கணக்கில் சேர்த்துவிடும்.

"நேத்து 2, இன்னைக்கு 9. பயமா இருக்கு, பிரஷர் ஏத்தட்டுமா?"

ஏற்ற வேண்டாம். ஒரு இரவு கணக்கே இல்லை. சளி, மல்லாந்து படுத்தது, ராத்திரி கல்யாண ரிசப்ஷனில் குடித்தது, தூக்க மாத்திரை, இவை எல்லாமே ஒரு இரவைக் கெடுக்கும். ஒரு வாரச் சராசரியைப் பாருங்கள், அதுவும் லீக்கைப் பார்த்த பிறகு. வாரக்கணக்கில் 5க்கு மேலேயே நின்றால் மெமரி கார்டோடு டாக்டரிடம் போங்கள். கார்டை மெஷின் நின்ற பிறகுதான் கழற்ற வேண்டும்.

"நைட் ஷிப்ட். ஒரே தூக்கத்தை ரெண்டு நாளா காட்டுது, மெஷின் ரிப்பேரா?"

ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் வேலை செய்கிறவர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி. ரிப்பேர் இல்லை. ரெஸ்மெட் மெஷின்களுக்கு ஒரு நாள் என்பது பகல் 12 மணியிலிருந்து மறுநாள் பகல் 12 வரை. காலை 8க்குப் படுத்து 3 மணிக்கு எழுந்தால் நாலு மணி நேரம் ஒரு நாளிலும் மூன்று மணி நேரம் அடுத்த நாளிலும் விழும். டாக்டரிடம் ஷிப்ட் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் மெஷினைச் சரியாகப் போடுவதில்லை என்று நினைத்துவிடுவார்.

"ட்யூப்ல தண்ணி கொடகொடன்னு சத்தம். முகத்துலயும் தெறிக்குது."

சென்னையின் ஏ.சி. அறைகளில் இது சகஜம். காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியான ஹியூமிடிஃபையரிலிருந்து வெதுவெதுப்பாக, ஈரத்தோடு கிளம்பும் காற்று குளிர்ந்த ட்யூபைத் தொட்டதும் நீராகிறது. விடியற்காலையில் ட்யூபின் தாழ்ந்த வளைவில் தேங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் கொடகொடக்கும். அந்தத் தண்ணீர் காற்றோட்டத்தை ஆட்டிவைப்பதால் ரீடிங்கும் கெடும், உங்கள் மூச்சோடு சேர்ந்து மெஷின் தள்ளுவதும் பிசகும். ஈரப்பத அளவை ஒன்றிரண்டு குறையுங்கள், ஏ.சி.யை 25, 26க்கு ஏற்றுங்கள், ட்யூபைப் போர்வைக்குள் விடுங்கள். சூடாகும் ட்யூப் உள்ள மாடல் என்றால் அதை ஆன் செய்தாலே தீரும். மெஷின் எப்போதும் தலைமட்டத்துக்குக் கீழே இருக்கட்டும்.

தொட்டியில் டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் ஊற்றினால் சில நாளிலேயே அடித்தட்டில் வெள்ளையாக உப்புப் படியும். மிச்சத் தண்ணீரைத் தினமும் கொட்டிக் கழுவிக் காயவையுங்கள். பில்டரையும் வாரம் ஒரு முறை பாருங்கள். தெருவில் கட்டட வேலை நடந்தால் மாதத்துக்குள்ளேயே கறுத்துவிடும்.

"கரண்ட் போனா மூச்சு முட்டுமா? இன்வெர்ட்டர்ல ஓடுமா?"

முட்டாது. மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்கில் அழுத்தம் நின்றதும் வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வு இருக்கிறது. மூக்கு மாஸ்க் என்றால் வாய் இருக்கிறது. பெரும்பாலோர் தாமாகவே விழித்துவிடுவார்கள், மாஸ்கைக் கழற்றிவிட்டால் போதும். தாமாகக் கழற்ற முடியாதவர் என்றால் யாராவது கூடப் படுக்க வேண்டும்.

ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டரில் நன்றாகவே ஓடும். மின்சாரத்தைக் குடிப்பது ஹியூமிடிஃபையரும் ட்யூப் சூடும்தான். அவற்றை அணைத்துவிட்டால் அதே பேட்டரி வெகுநேரம் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. மெஷின் இல்லாமல் ஒரு இரவுகூட ஓட்ட முடியாத நோயாளி வீட்டில் இருந்தால், மழைக்காலத்துக்கு முன்பே பேட்டரிக்கோ, மேட்டுப் பகுதியில் உள்ள உறவினர் வீட்டுக்கோ ஏற்பாடு செய்துவையுங்கள்.

"டைடல் வால்யூம் 420. அவர் 110 கிலோ. பத்துமா?"

ஒரு மூச்சில் உள்ளே போகும் காற்றின் அளவு அது, மில்லிலிட்டரில். உடல் எடையை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, உயரத்தை வைத்துத்தான். எடை கூடினால் நுரையீரல் பெரிதாவதில்லை. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு உயரத்தை வைத்துக் கணக்கிடும் உத்தேச எடை 61, 62 கிலோ. கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி என்று பார்த்தால் 370 முதல் 490 வரை. அவர் உயரம் அவ்வளவு என்றால் 420 சரியாகத்தான் இருக்கிறது.

டைடல் வால்யூமை மூச்சு எண்ணிக்கையால் பெருக்கினால் மினிட் வென்டிலேஷன். 420 மில்லி, நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் 6.3 லிட்டர். லீக் கூடிய இரவில் இந்த எண்களை நம்ப வேண்டாம், காரணம் முன்பே சொன்னதுதான்.

"நான் மூச்சு விட நினைக்கறப்பவும் மெஷின் தள்ளிக்கிட்டே இருக்கு."

மறுபடியும் லீக்கிலிருந்து தொடங்குங்கள். உங்கள் இழுப்பு குறைவதை வைத்துத்தான் மெஷின் 'இவர் இழுத்து முடித்துவிட்டார்' என்று தெரிந்துகொள்கிறது. காற்று ஒழுகினால் நீங்கள் இன்னும் இழுப்பதாகவே அது நினைத்துக்கொண்டிருக்கும்.

லீக் இல்லாமலும் அப்படியென்றால் பேச வேண்டியது டி.ஐ. மேக்ஸ் பற்றி. ஐபேப்பில் அதிகபட்சம் எத்தனை விநாடி நிற்கலாம் என்ற எல்லை அது. நிமிடத்துக்கு 15 மூச்சு விடுகிறவருக்கு ஒரு சுற்று 4 விநாடி, அதில் இழுப்பது ஏறக்குறைய 1.3 விநாடி. எல்லை 2 விநாடியில் இருந்தால் அவருக்குத் தாராளம். சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு மூச்சை வெளியே விட அதிக நேரம் வேண்டும், இழுக்கும் நேரத்தைச் சுருக்குவார்கள். எதிர்ப்பக்கத் தொந்தரவும் உண்டு: இழுத்து முடிப்பதற்குள் காற்று நின்றுவிடும். அதற்கு டி.ஐ. மின், அதாவது ஐபேப்பில் குறைந்தபட்சம் எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்ற எல்லை. காற்று முகத்தில் அறைகிற மாதிரி வருகிறது என்றால் ரைஸ் டைம், அதாவது ஈபேப்பிலிருந்து ஐபேப்புக்கு ஏற எடுக்கும் நேரம். டாக்டரிடம் "கஷ்டமா இருக்கு" என்று மட்டும் சொல்லாமல், இந்த மூன்றில் எது என்று சொன்னால் செட்டிங் சீக்கிரம் சரியாகும்.

"பிரஷர் ஏத்தின பிறகு ஏ.எச்.ஐ. கூடிடுச்சு. எப்படி?"

மொத்த எண்ணைப் பிரித்துப் பாருங்கள். அடைப்பால் நின்றவை தனி, வழி திறந்தே இருந்தும் மூச்சு நின்றவை தனி. இரண்டாவதைச் சென்ட்ரல் என்பார்கள், சில மெஷின்களில் 'கிளியர் ஏர்வே' என்று வரும். மூளை இழுக்கச் சொல்லாததால் நின்ற மூச்சு அது. பிரஷர் சப்போர்ட் கூடும்போது கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடும், மூளைக்கு மூச்சிழுக்கும் தூண்டுதலே அந்த வாயுதான். இந்த மாதிரி கூடும் சென்ட்ரல் எண் பலருக்குச் சில வாரங்களில் தானே அடங்கும். அடங்காவிட்டால் செட்டிங்கைத் திரும்பப் பார்ப்பார்கள். இதற்குப் பிரஷரை இன்னும் ஏற்றினால் மோசமாகத்தான் ஆகும்.

புரண்டு படுக்கும்போது நாம் எல்லாருமே மூச்சைப் பிடிக்கிறோம், மெஷின் அதையும் சென்ட்ரல் என்று எழுதும். சரியாகத் தூங்காத இரவில் நாலைந்து கூடியிருந்தால் அதுவாக இருக்கலாம்.

"ஏ.எச்.ஐ. 2, லீக் இல்ல, ஏழு மணி நேரம் போடறார். ஆனா காலைல தலைவலி, பகல்ல தூங்கி விழறார்."

இதை லேசாக விடாதீர்கள். திரையில் உள்ள எந்த எண்ணும் கரியமில வாயுவைக் காட்டாது. தொண்டை திறந்திருந்தும் மூச்சு ஆழமில்லாமல் மேலோட்டமாக ஓடினால் ஏ.எச்.ஐ. அழகாக இருக்கும், வாயு தேங்கிக்கொண்டே போகும். உடல் பருமனும் பகலில் ரத்தத்தில் கரியமில வாயு அழுத்தம் 45 மி.மீ. பாதரசத்துக்கு மேலும் இருக்கும் நோயாளிகளிடம் இதைப் பார்க்கிறோம். மணிக்கட்டுத் தமனியிலிருந்து எடுக்கும் ஏ.பி.ஜி. ரத்தப் பரிசோதனை பற்றியும், மெஷினோடு இரவு முழுக்க ஆக்ஸிஜனைப் பதிவுசெய்வது பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். குழப்பமாகப் பேசுகிறார், எழுப்பினால் எழவில்லை என்றால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

"தெரிஞ்சவர் மெஷின் சும்மா கிடக்கு. செட்டிங் மாத்தி எங்க மாமாவுக்குப் போடலாமா?"

இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, எந்த மாடல். பிலிப்ஸ் 2021 ஜூனில் பல சிபேப், பைபேப் மெஷின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தம் குறைக்க உள்ளே வைத்த ஃபோம் சிதைந்து துகள் காற்றில் கலக்கக்கூடும் என்பது காரணம். பழைய மெஷின் என்றால் சீரியல் எண்ணை வைத்து அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, அது ஏ.எஸ்.வி. மெஷினா என்பது. ஒவ்வொரு மூச்சுக்கும் உதவியைத் தானே கூட்டிக் குறைக்கும் மோடு அது. 2015இல் வெளிவந்த செர்வ்-எச்.எஃப். ஆய்வில், இதயத்தின் பம்ப் அளவு 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்து, பெரும்பாலும் சென்ட்ரல் வகை மூச்சு நிறுத்தம் உள்ளவர்களுக்கு ஏ.எஸ்.வி. கொடுத்தபோது இதய நோயால் வரும் மரணம் கூடியது. பெட்டியைப் பார்த்தால் சாதாரண பைபேப் மாதிரியேதான் இருக்கும். மாமாவுக்கு இதய நோய் இருந்தால், எக்கோ ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டாமல் அந்த மாஸ்கை முகத்தில் வைக்காதீர்கள்.